மழைக்கால விளக்கும் மலையடி ஆறும்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் திருக்கோயில் அமைந்துள்ளது. சுற்றுவட்டாரத்தில் எவரும் அதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை. அய்யனார் கோவில் என்றால் போதும். ஆண்டின் பெரும்பகுதியில் கோயிலருகே பாறைகள்தாம் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மலைமேல் இறங்கியதும் அப்பாறைகளுக்கு நடுவே ஆறு பிறக்கிறது, அருவி விழுகிறது. தீபாவளி விடுமுறையில் தொடங்கி, கார்த்திகை தீபம் கடந்து மார்கழி வரை, ராஜபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் குடும்பங்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு அங்கே வந்த வண்ணம் இருக்கும். குற்றாலத்தின் சாரல் ஆனி, ஆடியில் வருவது. மலையின் கிழக்குச் சரிவில் உள்ள இவ்விடத்துக்கோ ஐப்பசிதான் பருவம். வீட்டு வாசலில் அகல் எரியும் நாள்களும் ஆற்றில் நீர் ஓடும் நாள்களும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் ஓடும் நீரைக் காண்பதே ஒரு திருவிழாதான். ஆகவே இவ்வழக்கத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் விளக்கும் மழையும் இவ்வாறு சேர்ந்து வருவது தீபாவளி பிறந்த நாட்டில் இல்லாத ஒன்று. அந்த வேறுபாடு தமிழ்ச் சமணர் வரலாற்றில் ஆழமான தடங்களை விட்டுச் சென்றிருக்கிறது.

பகவான் மகாவீரர் மகத நாட்டுப் பாவாபுரியில் நிர்வாணம் எய்தினார். மரபுவழிக் கணக்கில் அது கி.மு. 527. அவ்விரவில் பதினெட்டு அரசர்கள் கூடி விளக்கேற்றினர் என்று சுவேதாம்பரரின் கல்பசூத்திரம் கூறுகிறது. ஞானஒளி உலகினின்று நீங்கியதால் புறத்தே விளக்கொளி ஏற்றினர் என்பது அதன் கருத்து. திகம்பர மரபில், ஜினசேனாசாரியர் சக ஆண்டு 705-இல், அதாவது கி.பி. 783-இல், இயற்றி முடித்த அரிவம்ச புராணம் இவ்விழாவை தீபாலிகை என்றே பெயரிட்டு அழைக்கிறது. பாவாபுரியில் இன்று தாமரைக் குளத்தின் நடுவே நீர்மந்திர் நிற்கிறது. பெருமானின் திருமேனி எரியூட்டப்பெற்ற இடத்துச் சாம்பலையும், அது தீர்ந்தபின் மண்ணையும், மக்கள் பிடிபிடியாக அள்ளிச் சென்றதால் உண்டான பள்ளமே அக்குளம் என்பது அவ்வூர் மரபு.

பாவாபுரியில் அந்த நாள் மழைக்காலத்தின் முடிவு. ஆடியில் தொடங்கும் நான்கு மாதங்களில் தரையெங்கும் புல்லும் புழுவும் பெருகிவிடும். நடந்தால் உயிர் மிதிபடும் என்பதால் துறவியர் ஓரிடத்தில் தங்கிவிடுவர். இதுவே சாதுர்மாசியம், வருஷாயோகம் என்று வழங்கும் நோன்பு. திகம்பர மரபில் மகாவீரர் நிர்வாணம் எய்திய அந்த விடியற்பொழுதோடு இந்நோன்பு நிறைவெய்துகிறது. வானம் வெளுத்து வழி உலர்ந்த பின்னர் விளக்கேற்றிவிட்டு முனிவர் மீண்டும் நடக்கத் தொடங்குவர். கங்கைச் சமவெளிக்கு இது முற்றிலும் பொருந்திய நாட்காட்டி.

தமிழகத்துக்கு வந்த சமண முனிவர் கண்டதோ இதற்கு நேர்மாறான வானம். நூல் சொன்னபடி நோன்பு முடிகிறது. அப்போதுதான் மழை தொடங்குகிறது! எந்தக் காரணத்துக்காக நடை தடுக்கப்பட்டதோ அந்தக் காரணம் நோன்பு முடிந்த மறுநாள் முதல் முழு வலிமையோடு வந்து நிற்கிறது. இதற்கு அவர்கள் கண்ட விடையை எழுத்தில் தேட வேண்டியதில்லை. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் பார்க்கலாம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மாங்குளம் குகைத்தளத்தில், நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டின் அருகே, கற்படுக்கைகளுக்கு மேலுள்ள பாறை முகப்பில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டப்பட்டுள்ளது. பாறையில் வழிந்து வரும் மழைநீர் படுக்கைக்குள் புகாமல் வெளியே சொட்டுவதற்கான ஏற்பாடு அது. பாண்டிய நாட்டின் குகைத்தளங்கள் பலவற்றிலும் இத்தகைய காடியைக் காணலாம். சுற்றுலா வருவோர் பெரும்பாலும் எழுத்தைத் தேடிப் படிப்பர்; இக்காடியை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. ஐப்பசி மழையில் அசையாது அமர்ந்திருந்த ஒரு துறவியின் வாழ்வை எழுத்தைவிட இக்காடி நன்றாகச் சொல்லும்.

பருவம் மாறியதுபோலவே பொழுதும் மாறியது. வடநாட்டில் தீபாவளி அமாவாசை இரவின் விழா. தமிழகத்தில் அது சதுர்த்தசியின் பின்னிரவில், விடியுமுன் எழுந்து எண்ணெய் தேய்த்து நீராடி விளக்கேற்றும் விழா. திகம்பர மரபு நிர்வாணத்துக்குக் கூறும் பொழுதும் அதே சதுர்த்தசியின் கடைசி யாமம்தான். தீபாவளியின் சமண வேரைத் தமிழ் வாசகர்க்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் மயிலை சீனி. வேங்கடசாமி. ‘சமணமும் தமிழும்’ நூலில் அவர் இதனை விளக்கியுள்ளார். இப்பொழுது வேறுபாடு அண்மைக் காலத்தில் நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2018 அக்டோபர் 23-ஆம் நாள் தீர்ப்பு, பட்டாசு வெடிப்பதை இரவு 8 முதல் 10 மணி வரை என்று வரையறுத்தது. தமிழர் தீபாவளி விடியற்காலத்தது என்று தமிழக அரசு முறையிட்டதன் பேரில், மொத்தம் இரண்டு மணி நேரம் என்ற வரம்புக்குள் நேரத்தை மாநிலமே முடிவு செய்யலாம் என நீதிமன்றம் இசைந்தது. அவ்வாண்டு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு அறிவித்தது.

அப்பட்டாசின் தாயகமான சிவகாசி, திருவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து அவ்வூரின் தொழில் வரலாறு தொடங்குகிறது. மழை குறைந்த வறண்ட காற்றே அத்தொழிலுக்குத் துணை நின்றது. எந்த வறட்சி அங்கே வெடிமருந்தை உலர்த்தியதோ, அதே வறட்சிதான் பக்கத்து ஊர் மக்களை மலையடி ஆற்றுக்கு ஓடி வரச் செய்கிறது. பட்டாசைப் பொறுத்தவரை, புகையாலும் அதிர்ச்சியாலும் சிற்றுயிர் மடிவதால் அகல் விளக்கோடு நிறைவுகொள்ளும் வழக்கம் சமண இல்லங்கள் பலவற்றில் உண்டு.

மழைநாளின் விளக்கு தமிழருக்குத் தீபாவளியால் வந்ததன்று. கார்த்திகைப் பௌர்ணமியில் ஊரெல்லாம் விளக்கேற்றும் விழாவை அகநானூறு அறியும். சீவகசிந்தாமணி இயற்றிய திருத்தக்கதேவர் சமண முனிவர். அவரும் குன்றில் ஏற்றிய கார்த்திகை விளக்கை உவமையாக எடுத்தாள்கிறார். மழை சற்று ஓய்ந்த இடைவெளியில் ஏற்றும் இந்தக் கார்த்திகை விளக்கு, வடநாட்டுத் தீபாவளி செய்த பணியைத் தமிழகத்தில் ஓரளவு செய்தது எனலாம்.

விளக்கைப் பேணிய எளியோரின் பெயர்களைக் கல்வெட்டுகள் காத்து வைத்திருக்கின்றன. போளூருக்கு அருகேயுள்ள திருமலையில், குந்தவை ஜினாலயத்துக்கு முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் சாமுண்டப்பை என்னும் பெண்மணி நந்தாவிளக்கு ஒன்று வைத்தார். வணிகன் நன்னப்பயனின் மனைவி அவர். விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. படையலுக்குக் கொடுத்ததைப்போல் இருமடங்கு விளக்குக்குப் போயிருக்கிறது. அணையாமல் எரிவதற்கு ஆகும் எண்ணெய்ச் செலவை அவ்வம்மையார் நன்கு கணக்கிட்டிருக்கிறார். பழனிக்கு அருகேயுள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792-இல், அதாவது கி.பி. 870-இல், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனியையும் புதுக்கி, அவற்றுக்கு நாள்வழிபாடும் ஓர் அடிகளுக்கு உணவும் நடக்க 505 காணம் பொன் வைத்தார்.

அய்யனார் கோவில் பக்கத்திலேயே அத்தகைய ஊர் உண்டா என்றால், ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே கழுகுமலை இருக்கிறது. பாண்டியர் காலத்தில் அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிவரியாகச் செதுக்கப்பட்டன. செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் அடியில் உள்ளன. தச்சரும் குயவரும் கொல்லரும் அவர்களில் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்தியர் என்று குறிக்கப்பெறுவோர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையைச் சேர்ந்தவர். மலைத்தொடரின் ஓரமாக ஒரு திருமலையிலிருந்து இன்னொரு திருமலைக்குக் குரவரும் குரத்தியரும் இல்லறத்தாரும் சென்றுவந்த பாதையின் சுவடு அது. இன்று பேருந்திலும் காரிலும் நடக்கும் பருவப் பயணத்தின் மூத்த வடிவத்தை அங்கே காணலாம்.

அய்யனாருக்கும் சமணத்துக்கும் உறவு உண்டா என்பது ஆராய்ச்சியாளரிடையே நெடுநாளைய வினா. சாத்தன், சாஸ்தா என்னும் பெயர்களைக் கொண்டு சிலர் பௌத்தத்தோடும் சிலர் ஆசீவகத்தோடும் சிலர் சமணத்தோடும் இணைப்பர். தமிழ்ச் சமண ஆலயங்களில் யானை ஊர்தியோடு வீற்றிருக்கும் பிரம்மதேவ இயக்கரைக் கண்டவர்க்கு ஊர் எல்லை அய்யனார் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் உருவ ஒப்புமை ஒன்றையே கொண்டு ராஜபாளையத்து அய்யனாரைச் சமணத் தெய்வம் என்று உரிமை கொண்டாடுவது முறையாகாது. கிராம மக்கள் பல தலைமுறையாகத் தங்கள் காவல் தெய்வமாகப் போற்றி வந்தவர் அவர். அவருடைய பெயரின் முன்பாதியே போதிய செய்தி: நீர் காத்தவர்.

காக்கப்படும் நீர் எது என்பதைக் கோயிலுக்குச் செல்லும் வழியிலேயே காணலாம். சாலையோரத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் உள்ளது. அய்யனார்கோவில் ஆறு அதனை நிரப்புகிறது. ராஜபாளையம் நகரின் குடிநீர் அங்கிருந்து வருகிறது. அருவிக்கரையில் தலையில் தேய்க்கும் சீயக்காயும் சோப்பும், இலையில் எஞ்சிய சோறும், ஆற்றில் விடும் பழந்துணியும் சென்று சேரும் இடம் அயலார் இல்லம் அன்று. திருவில்லிபுத்தூரை ஒட்டிய இக்காடுகள் சாம்பல்நிற அணில்களைக் காக்க 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன; 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயின. யானையும் வரையாடும் வாழும் நிலம் அது. மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்போருக்குத் தெரியாது. வெயில் அடித்துக் கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து, கோயிலுக்குச் சென்றவர்கள் மறுகரையில் சிக்கி, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட நிகழ்ச்சிகள் பலமுறை நடந்துள்ளன. மழை வலுத்த நாள்களில் வனத்துறை வழியை அடைப்பதும் உண்டு. அப்போது திரும்பிச் செல்வோர் முணுமுணுப்பர். ஐப்பசி மழையில் கற்படுக்கையை விட்டு நகராதிருந்த முனிவருக்கு அத்தடை புதிதாகத் தோன்றியிராது.

பகலிலேயே உணவை முடித்துக்கொள்ளும் சமணக் குடும்பத்துக்கு இப்பயணம் ஒருவகையில் எளிது. ஆற்றங்கரையில் நண்பகல் உணவு. கதிர் சாயுமுன் இறக்கம். இருட்டும் வேளையில் வீட்டு வாசல். ஈசல் பறக்கும் பருவமாதலால் அகலை மாடத்தின் உள்ளே தள்ளி வைப்பர் முதிய பெண்கள். காற்றுக்காக என்றும் சொல்வர், பூச்சிக்காக என்றும் சொல்வர். அவ்வேளையில் மலைப்பக்கம் மின்னினால், மறுநாள் காலையில் ஆற்றில் செந்நீர் வரும்.