ஹாலிவுட்டின் ரோமானியப் படங்கள்: எழுச்சியும் வீழ்ச்சியும்

பேரரசர்கள், கிறித்தவத் தியாகிகள், தேர்ப்பந்தயங்கள், வாட்போரிடும் அடிமைகள் ஆகியவற்றைக் கொண்டு பண்டைய ரோமைத் திரையில் காட்டிய பெரும் பொருட்செலவுப் படங்கள் 1951 முதல் 1964 வரை ஹாலிவுட்டில் கோலோச்சின. அதன்பின் 36 ஆண்டுகள் பெரிய ஸ்டுடியோ எதுவும் அந்த அளவில் ஒரு ரோமானியப் படத்தை எடுக்கவில்லை. மக்களுக்கு இவை சலித்துவிட்டன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்பது தெரியும். இப்படங்களை உயர்த்திய பிரம்மாண்டமே இறுதியில் அவற்றை வீழ்த்தியது.

முன்னோடிகள்

ரோமைத் திரைக்குக் கொண்டுவந்ததில் இத்தாலியர்களே முந்திக்கொண்டனர். போலந்து எழுத்தாளர் ஹென்றிக் சென்கியேவிச்சின் நாவலை வைத்து எடுக்கப்பட்ட 'குவோ வாடிஸ்' (1913), கார்த்தேஜுடனான போரைப் பின்னணியாகக் கொண்ட 'கபிரியா' (1914) ஆகிய மௌனப் படங்கள், நீண்ட நேரம் ஓடும் வரலாற்றுப் படத்துக்கு மக்கள் வருவார்கள் என்பதைக் காட்டின.

அமெரிக்காவில் இதற்கு அடித்தளமானது, உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த லூ வாலஸ் 1880இல் எழுதிய 'பென்-ஹர்' நாவல். 1907இல் அனுமதி பெறாமல் அதைக் குறும்படமாக்கிய நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. நூலின் பதிப்புரிமை திரைப்படத்துக்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911இல் தீர்ப்பளித்தது. முறைப்படி உரிமை பெற்று எம்.ஜி.எம். 1925இல் வெளியிட்ட 'பென்-ஹர்', மௌனப் படக் காலத்தின் மிகச் செலவான படங்களுள் ஒன்று. அடுத்து செசில் பி. டெமில் 'தி சைன் ஆஃப் தி கிராஸ்' (1932), 'கிளியோபாட்ரா' (1934) ஆகியவற்றை எடுத்தார். அதன்பின் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஹாலிவுட்டில் பெரிய ரோமானியப் படங்கள் அரிதாகவே வந்தன.

மீண்டும் ரோம் ஏன்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டுடியோக்களுக்கு இரண்டு அடிகள் விழுந்தன. தயாரிப்பு நிறுவனங்களே திரையரங்குகளையும் கையில் வைத்திருப்பதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. எந்தப் படம் எடுத்தாலும் திரையிட இடம் உண்டு என்ற உறுதி அதோடு போனது. இரண்டாவது அடி தொலைக்காட்சி. 1950இல் அமெரிக்காவில் பத்தில் ஒரு வீட்டில்கூட அது இல்லை. 1960இல் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்தது. வீட்டுப் பெட்டியில் காணக் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் மக்கள் அரங்குக்கு வருவார்கள் என்று ஸ்டுடியோக்கள் முடிவு செய்தன.

இத்தாலியின் நிலைமையும் இதற்கு உதவியது. அமெரிக்கப் படங்கள் அங்கே ஈட்டிய வருமானம் முழுவதையும் வெளியே எடுத்துச் செல்ல அந்நாட்டு அரசு விடவில்லை. முடங்கிக் கிடந்த பணத்தை அங்கேயே படமெடுத்துச் செலவழிப்பது லாபமாகத் தெரிந்தது. 1937இல் முசோலினி திறந்துவைத்த சினெசித்தா படப்பிடிப்பு வளாகம் ரோமிலேயே இருந்தது. தொழிலாளர் கூலியும் குறைவு. மெர்வின் லீராய் இயக்கிய 'குவோ வாடிஸ்' (1951) அங்கே படமாகிப் பெரும் வசூல் பெற்றது. அந்நகரை 'திபெர் ஆற்றங்கரை ஹாலிவுட்' என்று பத்திரிகைகள் அழைக்கத் தொடங்கின.

அடுத்து வந்தது அகலத்திரை. சினிமாஸ்கோப் முறையில் வெளியான முதல் முழுநீளப் படம் 'தி ரோப்' (1953). வீட்டில் சிறிய கறுப்பு வெள்ளைத் திரை. அரங்கில் சுவரை நிறைத்த வண்ணத் திரை. அந்த அகலத்தை நிரப்ப ரோமானியப் படை அணிவகுப்பைவிடப் பொருத்தமான காட்சி வேறு எது?

திரையில் தெரிந்த ரோம்

பெரும்பாலான கதைகள் ஒரே அச்சில் அமைந்தவை. கொடுங்கோல் பேரரசு ஒருபுறம், நம்பிக்கையை விடாத சிறு கூட்டம் மறுபுறம். நடுவில் மனம் மாறும் ஒரு ரோமானிய வீரன். கைநீட்டி வணங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு முசோலினியும் ஹிட்லரும் நினைவுக்கு வந்தார்கள். பனிப்போரின் சூட்டில் இருந்தவர்கள் அதில் சோவியத் ஆட்சியைக் கண்டார்கள். நடிகர் தேர்வும் இதற்கு ஒத்துழைத்தது. பீட்டர் உஸ்தினோவ், லாரன்ஸ் ஒலிவியர் போன்ற பிரித்தானியர்கள் ஆளும் ரோமானியர்களாகவும், கிர்க் டக்ளஸ், சார்ல்டன் ஹெஸ்டன் போன்ற அமெரிக்கர்கள் அவர்களை எதிர்ப்பவர்களாகவும் நடித்தனர்.

இந்த அலையின் உச்சம் வில்லியம் வைலர் இயக்கிய 'பென்-ஹர்' (1959). நெருக்கடியில் இருந்த எம்.ஜி.எம். சுமார் 1.5 கோடி டாலரை இந்த ஒரே படத்தில் போட்டது. சினெசித்தாவில் எழுப்பிய பந்தயத் திடலில் நான்கு குதிரைகள் பூட்டிய ஒன்பது தேர்கள் ஓடின. ஹெஸ்டனுக்குப் பதிலாகத் தேரோட்டிய சண்டைக் கலைஞர் ஜோ கனட் தூக்கியெறியப்பட்ட விபத்துக் காட்சியைப் படத்திலேயே வைத்துக்கொண்டார்கள். படம் 11 ஆஸ்கர் விருதுகளை வென்று நிறுவனத்தைக் காப்பாற்றியது. மற்ற ஸ்டுடியோக்கள் இதிலிருந்து தவறான பாடம் கற்றன: செலவு கூடினால் வரவும் கூடும் என்று நம்பின.

ஸ்பார்டகஸும் கறுப்புப் பட்டியலும்

இந்த வகைப் படங்களில் 'ஸ்பார்டகஸ்' (1960) தனித்து நிற்கிறது. கி.மு. 73 முதல் 71 வரை நடந்த அடிமைகளின் எழுச்சி இதன் கதை. மூல நாவலை எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்ட், நாடாளுமன்ற விசாரணைக் குழு கேட்ட பெயர்களைக் கொடுக்க மறுத்து 1950இல் சிறை சென்றவர். பதிப்பகங்கள் கைவிரித்ததால் நாவலை 1951இல் தாமே வெளியிட்டார். திரைக்கதை எழுதிய டால்டன் டிரம்போவும் அதே குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைபட்டவர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டோரின் கறுப்புப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததால், பல ஆண்டுகள் புனைபெயர்களில் எழுதிப் பிழைத்தார். அப்படி எழுதிய ஒரு கதைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தபோது அவரால் மேடையேறிப் பெற்றுக்கொள்ள முடியவில்லை.

'ஸ்பார்டகஸ்' படத்தில் டிரம்போவின் சொந்தப் பெயரே திரையில் வந்தது. அதே ஆண்டில் 'எக்ஸோடஸ்' படத்துக்காக ஓட்டோ பிரமிங்கரும் அவர் பெயரை வெளிப்படையாக அறிவித்திருந்தார். எதிர்ப்பாளர்கள் திரையரங்குகள் முன் மறியல் செய்தார்கள். 1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி அந்த மறியலைக் கடந்து சென்று படம் பார்த்தார். கறுப்புப் பட்டியலின் பிடி தளர்ந்தது.

தோற்ற அடிமைகளிடம் ஸ்பார்டகஸைக் காட்டிக்கொடுக்கச் சொல்லும்போது, ஒவ்வொருவராக எழுந்து தானே ஸ்பார்டகஸ் என்று சொல்லும் காட்சி வரலாற்றில் இல்லாதது. உண்மையில் அவர் போர்க்களத்திலேயே மடிந்தார், உடல் கிடைக்கவில்லை என்பது பண்டைய வரலாற்றாசிரியர்களின் குறிப்பு. ஆனால் நண்பர்களின் பெயரைச் சொன்னால் வேலை, மறுத்தால் சிறை என்ற நிலையை நேரில் கண்ட எழுத்தாளருக்கு அந்தக் காட்சி கற்பனை மட்டுமல்ல.

கிளியோபாட்ரா

டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் சுமார் 20 லட்சம் டாலர் படமாக நினைத்துத் தொடங்கிய 'கிளியோபாட்ரா'வின் படப்பிடிப்பு 1960இல் இங்கிலாந்தில் ஆரம்பமானது. ஈரமும் குளிருமான வானிலை எகிப்துக் காட்சிகளுக்கு ஒத்துவரவில்லை. நாயகி எலிசபெத் டெய்லர் கடுமையாக நோயுற்றார். இயக்குநர் மாறினார், போட்ட செட்டுகளைக் கைவிட்டு எல்லாவற்றையும் ரோமில் மீண்டும் கட்டினார்கள். கைவிடப்பட்ட பொருள்களை வைத்து ஆங்கிலேயர்கள் 'கேரி ஆன் கிளியோ' (1964) என்ற நகைச்சுவைப் படமே எடுத்துவிட்டார்கள்.

விளம்பரத்தையும் சேர்த்து மொத்தச் செலவு 4 கோடி டாலரைத் தாண்டியது. ஃபாக்ஸ் தன் படப்பிடிப்பு நிலத்தில் பெரும்பகுதியை விற்றது. அந்த இடமே இன்றைய செஞ்சுரி சிட்டி. நிறுவனத் தலைவரும் பதவி இழந்தார். 1963இல் வெளியான படம் அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்த படங்களின் முன்வரிசையில் இருந்தது. ஆனாலும் போட்ட பணம் அரங்குகளிலிருந்து திரும்பவில்லை. 1966இல் தொலைக்காட்சி உரிமையை விற்ற பிறகே கணக்கு நேரானது. தொலைக்காட்சியை வெல்லப் பிறந்த படவகையைக் கடைசியில் தொலைக்காட்சியே கரையேற்ற வேண்டியதாயிற்று.

கடைசி அடி

'ஸ்பார்டகஸ்' படத்திலிருந்து தொடக்கத்திலேயே நீக்கப்பட்ட இயக்குநர் அந்தோனி மான், தயாரிப்பாளர் சாமுவேல் பிரான்ஸ்டனுக்காக 'தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்' (1964) படத்தை எடுத்தார். மாட்ரிட் அருகே லாஸ் மாட்டாஸில் ரோமின் மன்றத்தைச் சுமார் 400 மீட்டர் நீளமும் 230 மீட்டர் அகலமும் கொண்ட செட்டாக எழுப்பினார்கள். மற்ற இனத்தாரையும் குடிமக்களாக ஏற்க விரும்பும் மார்கஸ் அரேலியஸ், அந்தக் கனவைக் குலைக்கும் மகன் கொம்மோடஸ் என்று நிதானமாகச் சிந்திக்கும் படம் அது. வசூலில் படுதோல்வி அடைந்தது. பிரான்ஸ்டனின் நிறுவனம் அதே ஆண்டு நொடித்துப்போனது.

இதற்கிடையே 'ஹெர்குலிஸ்' (1958) வெற்றிக்குப் பின் இத்தாலியர்கள் மலிவான புராண வீரர் படங்களை ஆண்டுதோறும் குவித்தார்கள். அகன்ற மார்பும் அட்டைத் தூண்களும் எங்கும் கிடைத்தபோது பிரம்மாண்டத்தின் அருமை குறைந்தது. 'கிளியோபாட்ரா'வும் போட்டியிட்ட ஆண்டில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட 'டாம் ஜோன்ஸ்'.

மதிப்பீடு

ரோமானியப் படங்களைப் பார்க்க ஆளில்லாமல் போகவில்லை. அரங்கு நிறைந்தாலும் கட்டுப்படியாகாத நிலைக்கு அவற்றின் செலவு போயிருந்தது. ஒரு படம் தோற்றால் நிறுவனமே விழும் என்ற சூதாட்டத்தை ஸ்டுடியோக்கள் அதற்குமேல் ஆடத் துணியவில்லை.

ரிட்லி ஸ்காட்டின் 'கிளாடியேட்டர்' (2000) அதே மார்கஸ் அரேலியஸ், கொம்மோடஸ் கதையோடு திரும்பிவந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. ஆனால் அதில் கொலோசியத்தின் ஒரு பகுதியை மட்டும் மால்டாவில் கட்டி, மீதியைக் கணினியில் முடித்தார்கள். முழு ரோமையும் கட்டிப் பார்த்தவர்களின் கடனிலிருந்து திரையுலகம் கற்ற பாடம் அது.