தோம்பும் உறுதியும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றபோது அந்தப் பெயர் என் மனதை உறுத்தியது. ஊராருக்கு அது நெடுந்தீவு. அரசின் ஆங்கிலக் கடிதங்களில் இன்றும் டெல்ஃப்ற். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தம் ஊர்ப்பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். நயினாதீவை ஹார்லெம் என்றார்கள், அது ஒட்டவில்லை.

தோம்பு எழுதும் வழக்கத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றார்கள். காணி யாருடையது, அதற்கு இறை எவ்வளவு என்பதே அதன் அக்கறை. வரி கேட்டவனுக்குக் குடியானவனின் பெயர் போதும், பாடு வேண்டாம். ஆனாலும் பிற்காலக் காணி வழக்குகளில் சனங்கள் அதே தோம்பையே சான்றாக நீட்டினர். எழுத்தில் இருப்பதே உண்மை என்ற பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

இத்தீவுகளும் நகரமும் அடங்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில், 1981க்குப் பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியது இந்த இரு கணக்குகளுக்கும் நடுவே விழுந்தது. முதற் கணக்கில் நாம் ஊரார். அடுத்ததில் எம்மிற் பலர் புத்தளத்தார். கழித்துப் பார்த்தால் குறைந்த தொகை வரும். யாழ்ப்பாண நகரில் எமக்குக் கிடைத்தது இரண்டே மணித்தியாலம் என்பது வராது.

போர் முடிந்து திரும்பிய என் சாச்சியிடம் ஓர் அலுவலகத்தில் முதலில் கேட்டது காணி உறுதியை. அது அன்றைக்கு அலுமாரிக்குள்ளேயே விடுபட்டிருந்தது.