கோடு நேரா இருந்தா வைரஸ் தூங்குதுன்னு அர்த்தமா?

ஆபீஸ்ல டாஷ்போர்டு பார்க்கிறவங்களுக்கு இது தெரியும். க்யூவுல எப்பவும் ஆயிரம் வேலை நிக்குது, கோடு ஆடாம நேரா போகுது. சிஸ்டம் சும்மா தூங்கிட்டு இருக்கலாம். இல்லன்னா நொடிக்கு லட்சம் உள்ள வந்து, அதே லட்சம் வெளிய போயிட்டு இருக்கலாம். கோட்டை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்.

ஹெச்ஐவி கதையில நடந்த குழப்பம் இதுதான்.

தொற்று வந்த முதல் சில வாரங்கள்ல ஒரு மில்லி ரத்த பிளாஸ்மாவுல வைரஸ் எண்ணிக்கை பத்து லட்சத்தைக்கூடத் தாண்டும். அப்புறம் உடம்பு எதிர்த்து நிக்கும், எண்ணிக்கை இறங்கி ஒரு அளவுல நிலைக்கும். சிலருக்குச் சில ஆயிரம், சிலருக்கு லட்சத்துக்கு மேல. சிகிச்சை இல்லாமலே பல வருஷம் ஆள் நல்லாத்தான் இருப்பார். வைரஸ் உள்ளே தூங்குதுன்னு அன்னிக்கு நிறைய பேர் நினைச்சாங்க. நிணநீர்க் கணுக்கள்ல அது பெருகிட்டே இருக்குன்னு 1993-லயே ஆய்வுகள் காட்டின. ஆனா எவ்வளவு வேகமா?

1995 ஜனவரியில, நேச்சர் இதழின் ஒரே இதழ்ல ரெண்டு கட்டுரைகள் வந்தன. ஒண்ணு நியூயார்க்கில் இருந்த டேவிட் ஹோ குழு, இன்னொண்ணு அலபாமாவில் இருந்த ஜார்ஜ் ஷா குழு. புது வைரஸ் உருவாவதைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்துட்டு, எண்ணிக்கை எப்படி இறங்குதுன்னு பார்த்தாங்க. சுமார் ரெண்டே நாள்ல பாதியாச்சு! குழாயை மூடின உடனே தொட்டி இவ்வளவு வேகமா வடியுதுன்னா, அதுவரைக்கும் அதே வேகத்துல தண்ணி உள்ள கொட்டிட்டு இருந்திருக்கணும். லாஸ் அலமோஸ்ல இருந்த ஆலன் பெரெல்சன் கணக்குப் போட்டார். சிகிச்சை எடுக்காத ஒருத்தர் உடம்புல ஒரு நாளைக்குச் சராசரியா 1,000 கோடி புது வைரஸ்னு 1996-ல வெளியிட்டாங்க.

சரி, ஒவ்வொருத்தருக்கும் அந்தக் கோடு வேற வேற உயரத்துல நிக்குதே, அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? தெரிஞ்சுக்க பத்து வருஷம் காத்திருக்கணும். ஆனா காத்திருக்க வேண்டி வரல. 1984-ல பால்டிமோர், சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ்ல ஆயிரக்கணக்கான தன்பாலீர்ப்பு ஆண்கள் ஒரு ஆய்வுக்காக ரத்தம் கொடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க. அப்போ இதுக்கான ரத்தப் பரிசோதனையே சந்தைக்கு வரல. அந்த ரத்தம் ஃப்ரீசர்ல இருந்தது.

சேரும்போதே தொற்று இருந்த 180 பேரோட பழைய சாம்பிள்களை எடுத்து ஜான் மெல்லர்ஸ் குழு வைரஸை எண்ணிச்சு. 1996-ல முடிவு வந்தது. எண்ணிக்கை குறைவா இருந்த கால்வாசிப் பேர்ல 8 சதவீதம்தான் அஞ்சு வருஷத்துல எய்ட்ஸ் நிலைக்குப் போனாங்க. அதிகமா இருந்த கால்வாசியில 62 சதவீதம். அதுவரைக்கும் டாக்டர்கள் நம்பியிருந்த சிடி4 அணுக்கள் எண்ணிக்கையைவிட இது சரியா முன்கூட்டிச் சொல்லிச்சு.

என்ன கேள்வி வரும்னு தெரியாமலே லாக்ஸ் சேமிச்சு வைக்கிறது எங்க தொழில்ல நல்ல பழக்கம். ஆனா இதை டேட்டாசெட்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த எண் கிடைச்சப்போ, அதைக் கொடுத்தவங்கள்ல பலர் உயிரோட இல்ல.

இனி அப்படி ஒரு கோட்டை யாரும் வரைய முடியாது, வரையவும் கூடாது. காத்திருக்காம மருந்தைத் தொடங்கறதுதான் நல்லதுன்னு 2015-ல ஒரு பெரிய சர்வதேச ஆய்வு காட்டிடுச்சு. இந்தியாவுலயும் 2017-ல இருந்து சிடி4 எவ்வளவா இருந்தாலும், தொற்று உறுதியானா மருந்து உண்டு.