உடுக்கை ஓய்ந்தபின் ஏடு மட்டும் போதுமா?

காங்கயத்தை அடுத்த எங்கள் ஊரில், காட்டு வேலை ஓய்ந்த மாதங்களில் உடுக்கையடிப் பாட்டு நடக்கும். கேட்கப் போகும் முன் அம்மிச்சி குளித்துவிடுவார். ‘கதை கேட்க எதற்குக் குளியல்?’ என்று கேட்டேன். ‘அது கதையில்லை கண்ணு, சாமி’ என்றார். பொருளியல் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு அந்த விடையின் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அந்தப் பாட்டுதான் அண்ணன்மார் கதை. குன்னுடையாக் கவுண்டர், தாமரை இணையரின் மக்களான பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை ஆகியோரின் வாழ்வையும், வேட்டுவர்களுடன் மூண்ட பகையையும், வீரமலைக் காட்டில் சகோதரர்கள் மாண்டதையும் சொல்லும் கொங்கு நாட்டு வாய்மொழிக் காப்பியம். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவாக அது இன்றும் வாழ்கிறது. படுகளச் சடங்கில் பாட்டு உச்சத்தைத் தொடும்போது, அருள் வந்தவர்கள் மாண்டவர்களைப்போல் வீழ்ந்து கிடப்பார்கள்; தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். இங்கே கவிதை வழிபாட்டுக்கு அணியன்று, அதுவே வழிபாடு.

இத்தகைய மரபு நமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் கவிதையைப் ‘பூவும் பாட்டும்’ என்ற இணைச்சொல்லால் குறித்தனர். பறையொலியும் ஆடலும் சேர்ந்த அப்பாடல்கள் தெய்வத்தோடு பேசும் மொழியாகக் கருதப்பட்டன. 1521இல் அவர்களின் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அந்த நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட பாடல் தொகுப்பொன்று மெக்சிகோ தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் பல பாடல்களுக்குப் பறைக்கான ஒலிக்குறிகளும் உண்டு. ஆனால், அவற்றை எவ்வாறு கொட்ட வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. சொல் எஞ்சியது, கை மறைந்தது.

நம்மிடமும் ஏடுகள் உண்டு. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கயம் பகுதி ஓலப்பாளையத்தில் 1965இல் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். அவருடைய ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையை நூலாக்கியது. மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ புதினம் 2011இல் திரைப்படமாயிற்று. இவை போதும் என்று நாம் அமைதியடைந்துவிடுகிறோம்.

போதாது என்பதே என் கருத்து. பொருளியலில் இப்பாட்டைப் பொதுப் பண்டம் என்போம்: பயன் எல்லாருக்கும் உண்டு, செலவை ஏற்கத் தனியொருவர் முன்வரமாட்டார். அச்சிக்கலை அன்றைய ஊர் தலைக்கட்டு வரியால் தீர்த்தது. பாடகருக்குத் தானியமும் வேட்டியும் காசும் ஊர்ப்பொதுவிலிருந்து சென்றன. இன்று வேளாண்மை சுருங்கி, பின்னலாடை ஆலைகளின் இரவுப் பணி நேரம் வந்துவிட்டது. பல இரவுகள் தொடர்ந்து விழித்திருந்து கேட்க யாருக்கு ஓய்வு? வருவாயில்லாத கலையைப் பாடகரின் மகன் ஏன் கற்க வேண்டும்? இதில் அவரைக் குறை கூற நியாயமில்லை.

இன்னொரு சுருக்கமும் நிகழ்கிறது. இக்கதையை ஒரு சமூகத்தின் பெருமைப் பட்டயமாக மட்டும் காட்டுகிறோம். உடன் நின்ற வீரன் சாம்புவன் இன்றிப் போர் இல்லை. மாண்ட அண்ணன்மாரைப் பெரியகாண்டியம்மன் அருளால் எழுப்பும் தங்கை இன்றிக் கதையே இல்லை. வேட்டுவர் தரப்புக்கும் சொல்ல ஒரு நியாயம் உண்டு.

ஆகவே, எஞ்சியுள்ள பாடகர்கள் ஒவ்வொருவரின் பாடத்தையும், எல்லாத் தரப்பு வழக்குகளையும், சடங்குச் சூழலிலேயே ஒளிப்பதிவு செய்ய வேண்டும். கற்பிக்கும் ஆசானுக்கும் கற்கும் இளைஞருக்கும் அரசும் கொங்குத் தொழில் துறையினரும் மாத உதவித்தொகை வழங்க வேண்டும். பழைய தலைக்கட்டு வரியின் புதிய வடிவம் அது. பத்து நிமிட மேடை நிகழ்ச்சி அதற்கு ஈடாகாது.

படுகளத்தில் வீழ்ந்தவரை எழுப்பத் தீர்த்தம் உண்டு. பாடுவோர் மறைந்தபின் பாட்டை எழுப்ப எந்தத் தீர்த்தமும் இல்லை.