பனிவெளியில் திறந்த வாயில்

1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நிறைவெய்தின. ஆறு நாட்கள் கழித்து, சுவீடனில் பொத்னியா வளைகுடாக் கரையிலுள்ள ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்னும் சிற்றூரில் வேறொரு விழா தொடங்கிற்று. நம் நாவுக்கு எளிதில் வசப்படாத பெயர்தான். எனினும் நினைவில் நிறுத்தத்தக்க பெயர். அங்கம் இழந்தோருக்கும் பார்வையற்றோருக்குமான அந்தப் பனிக்கால விழாவையே முதலாவது குளிர்கால பாராலிம்பிக் என்று இன்று கணக்கிடுகின்றனர். 16 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 பேர் அங்கே வந்து கூடினர்.

இவ்விளையாட்டின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் கால் இழந்து ஊர் திரும்பிய ஆஸ்திரிய, ஜெர்மானிய இளைஞர்கள், மலைச்சரிவுகளை மறந்துவிட மனமின்றி, ஊன்றுகோல்களின் நுனியில் சிறு சறுக்குக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டனர். எஞ்சிய காலில் ஒரு கட்டை, இரு கைகளில் இரண்டு. பனியில் மூன்று தடங்கள் விழுந்தன. 1948இல் ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைன் என்னுமிடத்தில் அவர்களுக்கென ஒரு போட்டி நடந்தபோது, கலந்துகொண்டவர்கள் 17 பேரே.

பார்வையற்றோர் ஓடும் முறை இன்னும் வியப்பூட்டுவது. சமவெளிப் பனியில் இரு இணைத்தடங்கள் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். வழித்துணைவர் ஒருவர் குரல் கொடுத்தபடி உடன் செல்வார்; வளைவு எங்கே, இறக்கம் எங்கே என்பதை அக்குரலே சொல்லும். அத்துணைவர்மீது வைக்கும் நம்பிக்கையில்தான் வேகம் இருக்கிறது.

ஆயினும் யார் இடங்கொடுப்பது என்பதே இவ்வரலாற்றின் நெடுங்காலக் கேள்வி. இன்ஸ்புருக்கில் ஓடுதளங்கள் ஆயத்தமாய் இருந்தும் 1976இல் விருந்தேற்றது வடகோடிச் சிற்றூர் ஒன்று. 1980இல் நார்வேயின் கெய்லோ, அதுவும் ஒரு மலைவாழ் ஊர். சக்கர நாற்காலியில் வாழ்வோர், அமர்ந்தவாறே பனிக்கட்டிமேல் தள்ளிச் செல்லும் சறுக்குவண்டிப் பந்தயம் அங்கேதான் பதக்கத்துக்குரியதாயிற்று. 1984இல் ஒலிம்பிக் சரயேவோவில் நடந்தது. இவர்களுக்கோ இன்ஸ்புருக் இடமளித்தது. 1988இல் கல்கரி ஒலிம்பிக்கில் இவர்களுக்கெனச் சில காட்சிப் போட்டிகள் வைக்கப்பட்டன. முழு விழாவை மீண்டும் இன்ஸ்புருக்கே ஏற்க நேர்ந்தது. காட்சிக்கு வரவேற்பு, குடியிருக்க இடமில்லை என்னும் இந்நிலை எனக்கு உறுத்துகிறது. பெருநகரங்கள் தயங்கிய இடத்தில் சிற்றூர்கள் கதவு திறந்தன என்பதை எவ்வகையிலும் சிறிய செய்தியாகக் கொள்ளலாகாது.

1992இல் பிரான்சின் ஆல்பர்வில் ஒலிம்பிக்கை ஒட்டி, அதே மலைநாட்டின் தீன்யெ ஊரில் இவ்விழா நடந்தது. 1994இல் நார்வேயின் லில்லஹாமர் இரு விழாக்களையும் ஏற்றது. ஒலிம்பிக்கை வேண்டும் நகரம் பாராலிம்பிக்கையும் சேர்த்தே ஏற்கவேண்டும் என்னும் ஒப்பந்தம் இரு உலகக் குழுக்களுக்கிடையே கையெழுத்தாக 2001 வரை ஆயிற்று.