மும்பை கடலோரத்தின் 120 ஆண்டு அடையாளம்: தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டலின் வரலாறு

மும்பை: அரபிக்கடலோரத்தில், கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே கம்பீரமாக நிற்கும் தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மும்பை மாநகரின் முகமாக விளங்கி வருகிறது. பெருநோய், உலகப்போர், விடுதலைப் போராட்டம், பயங்கரவாதத் தாக்குதல் என நகரம் கடந்து வந்த காலங்கள் பலவற்றின் சுவடுகளை இக்கட்டிடத்தில் காணலாம்.

டாடா குழுமத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாடா, தமது சொந்த விருப்பத்தின் பேரில் இந்த ஹோட்டலை உருவாக்கினார். ஐரோப்பியர்களுக்கு மட்டும் எனக் கூறி வாட்சன்ஸ் ஹோட்டலில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்ற கதை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இதற்கு உறுதியான சான்று இல்லை என்பது வரலாற்று ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. 1896-ல் பரவிய பிளேக் நோயால் நிலைகுலைந்த பம்பாய்க்கு மீண்டும் நம்பிக்கையூட்டவே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பது அவர்கள் கூறும் விளக்கம்.

இந்தோ-சாரசனிக் பாணியிலான இக்கட்டிடத்தை சீதாராம் காண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா ஆகிய இந்தியக் கட்டிடக் கலைஞர்கள் வடிவமைத்தனர். பின்னர் ஆங்கிலேயரான டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் பணியை நிறைவு செய்தார். 1903-ம் ஆண்டு டிசம்பர் 16-ம் தேதி ஹோட்டல் திறக்கப்பட்டது. நகரில் மின்விளக்கு பொருத்தப்பட்ட முன்னோடிக் கட்டிடங்களுள் ஒன்றான இதில் அமெரிக்க மின்விசிறிகள், ஜெர்மானிய மின்தூக்கிகள், துருக்கியக் குளியல் அறைகள் ஆகியவை அக்காலத்தின் வியப்புகளாக இருந்தன. தமது கனவு நனவானதை ஜாம்ஷெட்ஜியால் நீண்ட நாள் காண இயலவில்லை. திறப்புக்கு அடுத்த ஆண்டான 1904-ம் ஆண்டு மே மாதம் அவர் ஜெர்மனியில் காலமானார்.

இன்று ஹோட்டலின் எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா அப்போது கட்டப்படவில்லை. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக அமைக்கப்பட்ட அந்நுழைவாயில், ஹோட்டல் திறந்து 21 ஆண்டுகளுக்குப் பின்னர், 1924-ல்தான் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, துறைமுகத்தை நெருங்கும் கப்பல்களுக்கு ஹோட்டலின் நடுக்குவிமாடம் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாக இருந்தது.

கட்டிடம் தவறுதலாகத் திருப்பிக் கட்டப்பட்டது என்றும், அதனால் கட்டிடக் கலைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் உலவும் கதை உண்மையல்ல. தொடக்கத்தில் நுழைவாயில் நகரத்தை நோக்கிய மேற்குப் பக்கத்தில் அமைந்திருந்தது. பிற்காலத்தில் அப்பகுதி நீச்சல் குளமாக மாற்றப்பட்டு, கடல் நோக்கிய பக்கம் முகப்பானது.

முதல் உலகப்போரின்போது இந்த ஹோட்டல் 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாகச் செயல்பட்டது. சரோஜினி நாயுடு உள்ளிட்ட தேசியத் தலைவர்கள் இங்கு தங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். 1933-ல் தொடங்கப்பட்ட ஹார்பர் பார், மாநகரின் முதல் உரிமம் பெற்ற மதுக்கூடமாகக் குறிப்பிடப்படுகிறது. துறைமுகத்தைப் பார்த்தபடி அமைந்துள்ள சீ லவுஞ்ச் உணவகம், மாலைத் தேநீருக்குப் பெயர் பெற்றது. பெண் பார்க்கும் சந்திப்புகளுக்கும் மும்பைக் குடும்பங்கள் பல அதையே நாடின. 1970-களின் தொடக்கத்தில் பழைய கட்டிடத்தை ஒட்டிப் பல அடுக்குக் கோபுரக் கட்டிடம் எழுப்பப்பட்டது. அக்காலத்தில் திறக்கப்பட்ட கோல்டன் டிராகன் உணவகம், சீனாவின் சிச்சுவான் சமையலை இந்தியருக்கு அறிமுகப்படுத்தியது.

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ம் தேதி இரவு மும்பையின் பல இடங்களில் பயங்கரவாதிகள் தாக்குதல் நடத்தினர். இந்த ஹோட்டலும் அதற்கு இலக்கானது. குவிமாடத்தைச் சூழ்ந்த தீயும் புகையும் உலகெங்கும் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாயின. தேசியப் பாதுகாப்புப் படையினர் நவம்பர் 29-ம் தேதி காலையில் ஹோட்டலை முழுமையாக மீட்டனர். மீட்புப் பணியில் உயிர்நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனுக்கு அசோக சக்ரா விருது வழங்கப்பட்டது.

ஹோட்டலில் மட்டும் 31 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஊழியர்களும் அடங்குவர். வெளியேறும் வழிகளை நன்கு அறிந்திருந்தும், சமையலர்களும் பணியாளர்களும் விருந்தினரை விட்டுச் செல்லவில்லை. பணியாளர் பயன்படுத்தும் வழிகளில் அவர்களை அழைத்துச் சென்று பலரது உயிரைக் காப்பாற்றினர். சமையலறைப் பணியாளர் பலர் அம்முயற்சியில் உயிரிழந்தனர். யாருடைய உத்தரவுமின்றி அவர்கள் இவ்வாறு செயல்பட்டது எப்படி என்பது பின்னர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வுப் பாடமானது.

கோபுரக் கட்டிடம் அடுத்த மாதமே, டிசம்பர் 21-ம் தேதி மீண்டும் திறக்கப்பட்டது. கடும் சேதமடைந்த பழைய கட்டிடம் பழமை மாறாமல் சீரமைக்கப்பட்டு, 2010-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று விருந்தினரை வரவேற்றது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியா வந்த அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா இங்கேயே தங்கி, உயிரிழந்தோருக்கு அஞ்சலி செலுத்தினார்.

2017-ல் இக்கட்டிடத்தின் தோற்றம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பதிவைப் பெற்ற முதல் கட்டிடம் இதுவாகும். அன்று உயிரிழந்த 31 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவிடம் ஹோட்டலுக்குள் அமைந்துள்ளது. அதில் விருந்தினர் பெயர்களும் ஊழியர் பெயர்களும் ஒன்றாகவே பொறிக்கப்பட்டுள்ளன.