ரஷ் இசைக்குழுவின் நியூ வேவ் காலம்

ரஷ், கனடாவின் டொரான்டோ நகரைச் சேர்ந்த மூவர் ராக் இசைக்குழு. 1968-இல் அந்நகரின் வில்லோடேல் புறநகரில் தொடங்கியது. பேஸ் கிட்டாரும் பாட்டும் கெடி லீ. கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன். டிரம்ஸ் வாசித்தவர் நீல் பியர்ட். 1974-இல் வந்து சேர்ந்த பியர்ட்தான் அதன்பின் குழுவின் பெரும்பாலான பாடல்வரிகளையும் எழுதினார். எழுபதுகளில், நீண்ட பாடல்களும் சிக்கலான தாளக் கணக்கும் கொண்ட புராக்ரஸிவ் ராக்கின் முன்னணியில் இருந்த இக்குழு, 1980-க்கும் 1987-க்கும் இடையில் சிந்தசைசர், ரெகே தாளம், குறுகிய பாடல் வடிவம் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. இந்தக் காலத்தை ரசிகர்கள் ‘சிந்த் காலம்’ என்பார்கள். அதைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

மாற்றத்தின் வேர் 1978-இல் வெளிவந்த ‘ஹெமிஸ்ஃபியர்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘2112’ தொகுப்பின் ஒரு பக்கம் முழுவதையும் இருபது நிமிடப் பாடல் ஒன்றால் நிரப்பி வெற்றி கண்டவர்கள், அதே வழியில் இன்னும் மேலே ஏற முயன்றார்கள். வேல்ஸிலுள்ள ராக்ஃபீல்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாரக்கணக்கில் வேலை நீண்டது. கருவி இசையை எல்லாம் பதிந்து முடித்த பிறகுதான், லீயின் குரலுக்கு எட்டாத சுருதியில் இசை அமைத்திருக்கிறோம் என்பது தெரியவந்தது. லண்டனில் குரலைப் பதியும்போது அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இனி ஒரு பக்க நீளப் பாடல் வேண்டாம் என்ற முடிவு அந்தக் களைப்பில் பிறந்தது. சந்தைக்காக வளைந்துகொடுத்தார்கள் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

1980 ஜனவரியில் ‘பெர்மனென்ட் வேவ்ஸ்’ வந்தது. அப்போது புதிதாக எழுந்திருந்த ‘நியூ வேவ்’ (புதிய அலை) பாணியைத் தூக்கிப்பிடித்த இசை விமர்சகர்களைச் சீண்டும் தலைப்பு. ஆனாலும் உள்ளே அந்த அலையின் ஈரம் இருந்தது. முதல் பாடலான ‘தி ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ’ ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. முடியும் தறுவாயில் யாரும் எதிர்பாராத இடத்தில் ரெகேயாக மாறுகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ குழுவின் மிகப் பெரிய விற்பனைத் தொகுப்பு. அதன் கடைசிப் பாடல் ‘வைட்டல் சைன்ஸ்’, சிந்தசைசரில் சுழலும் ஒரு சிறு தொடரின்மேல் ரெகே கிட்டாரை ஏற்றி, அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. லைஃப்சனின் தெறிப்பான, ஒலி பரவிய கிட்டார் நாதத்தில் தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸின் தாக்கம் வெளிப்படையாகவே கேட்கும்.

1982 செப்டம்பரில் வந்த ‘சிக்னல்ஸ்’தான் திருப்புமுனை. அதை விளங்கிக்கொள்ள ஒரு எளிய கணக்குப் போதும்: மூன்று பேர், ஆறு கை. சிந்தசைசர் வேண்டுமென்றால் மற்ற குழுக்கள் நான்காவது ஆளைச் சேர்த்துக்கொள்ளும். ரஷ் அதற்கு ஒப்பவில்லை. கீபோர்டும் லீயின் தலையில் விழுந்தது. அவர் இரண்டு கையாலும் ஓபர்ஹைம் சிந்தசைசரை வாசிக்கும்போது, பேஸ் அவருடைய காலுக்கு இறங்கியது. தரையில் கிடந்த மூக் டாரஸ் பெடல்களை மிதித்தபடி, மைக்கில் பாடிக்கொண்டே, கட்டைகளில் விரல் ஓட்டினார். ஒருவரே மூவர் வேலையைச் செய்ததால் குழு மூவராகவே நீடித்தது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் லைஃப்சன். சிந்தசைசர் பிடித்துக்கொண்ட இடம் அதுவரை கிட்டாருடையது. ‘சிக்னல்ஸ்’ கலவையில் கிட்டார் அமுங்கிப்போனதில் அவருக்கிருந்த வருத்தத்தைப் பின்னாளில் அவர் மறைக்கவில்லை.

அந்தத் தொகுப்பின் முதல் பாடல் ‘சப்டிவிஷன்ஸ்’, இந்தக் காலத்தின் உச்சம் என்றே சொல்ல வேண்டும். ஒரே அச்சில் வார்த்த புறநகர் வீடுகளுக்கு நடுவே, கூட்டத்தோடு ஒட்ட முடியாமல் தவிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய பாட்டு. கேட்கும்போது நேர்த்தியான சிந்த் பாப் போலத் தோன்றும். தாளத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் பல பகுதிகள் ஏழு எண்ணிக்கையில் ஓடும். மிஸ்ர நடை பழகிய காது சட்டென்று கண்டுகொள்ளும். புராக்ரஸிவ் ராக்கின் கணக்கு எங்கும் போய்விடவில்லை, நீளத்தைத்தான் குறைத்துக்கொண்டார்கள். பழைய ரசிகர்கள் பலர் இதைக் கவனிக்காமலே கைவிட்டுப் போனது பெரிய நஷ்டம்.

அதே தொகுப்பிலுள்ள ‘நியூ வேர்ல்ட் மேன்’ பிறந்த கதை இன்னும் சுவையானது. தொகுப்பு ஏறக்குறைய முடிந்தபோது, கேசட்டின் இரு பக்கங்களும் சமமாக வர நான்கு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பாட்டு தேவைப்பட்டது. மீதமிருந்த இடம் 3 நிமிடம் 57 நொடி; அந்த எண்ணையே வேலைப் பெயராக வைத்துக்கொண்டு மளமளவென்று எழுதிப் பதிந்தார்கள். வாரக்கணக்கில் செதுக்கிய பாடல்களுக்கு வாய்க்காதது இதற்கு வாய்த்தது: கனடாவில் முதலிடம், அமெரிக்க முதல் நாற்பதில் ரஷ் நுழைந்த ஒரே தடவை, 21-ஆம் இடம்.

1975-இன் ‘ஃப்ளை பை நைட்’ முதல் கூடவே இருந்த தயாரிப்பாளர் டெர்ரி பிரவுன் ‘சிக்னல்ஸ்’ முடிந்ததும் பிரிந்தார். புதிய திசையில், குறிப்பாக ரெகே சாயல் கொண்ட ‘டிஜிட்டல் மேன்’ பாட்டில், அவருக்கு உடன்பாடில்லை.

1984-இன் ‘கிரேஸ் அண்டர் பிரஷர்’ இருண்ட தொகுப்பு. பியர்ட் சிம்மன்ஸ் மின்னணு டிரம்ஸையும் சேர்த்துக்கொண்டார். கியூபெக்கின் மோரின் ஹைட்ஸில் ஏரிக்கரையோரம் இருந்த லெ ஸ்டூடியோவில் குளிர்காலத்தில் பதிவானது. இதிலுள்ள ‘ரெட் செக்டர் ஏ’ பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது. துடித்துக்கொண்டே இருக்கும் சிந்தசைசர் மட்டும். லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களில் உயிர் தப்பியவர்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்ட நாளைப் பற்றி அவருடைய தாய் சொன்ன நினைவுகள் இப்பாட்டுக்குத் தூண்டுதல். நியூ வேவ் என்றால் நடன அரங்குக்கானது, மேம்போக்கானது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். இயந்திரத்தின் இரக்கமற்ற சீரான துடிப்பே அங்கே பொருளாகிவிடுகிறது.

பீட்டர் காலின்ஸ் தயாரித்த ‘பவர் விண்டோஸ்’ (1985), ‘ஹோல்ட் யுவர் ஃபயர்’ (1987) இரண்டிலும் மெருகு கூடியது. பின்னதில் வரும் ‘டைம் ஸ்டாண்ட் ஸ்டில்’ பாட்டில், நியூ வேவ் குழுவான டில் டியூஸ்டேயின் எய்மீ மான் உடன் பாடினார். அடுக்கடுக்கான இந்த ஒலிகளை மேடையில் கொண்டுவர மாதிரியெடுத்த ஒலிகளைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொன்றையும் மூவரில் ஒருவர் தம் கையாலோ காலாலோ அந்தந்த இடத்தில் தட்டித்தான் எழுப்ப வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். 1989-இன் ‘பிரெஸ்டோ’வில் கிட்டார் தன் இடத்துக்குத் திரும்பத் தொடங்கியது.

‘சப்டிவிஷன்ஸ்’ 2015-இன் சுற்றுப்பயணத்திலும் ஒலித்தது. ‘சிக்னல்ஸ்’ தொகுப்பின் இன்னொரு பாட்டான ‘லூஸிங் இட்’, ஆற்றல் மங்கிவரும் ஒரு நடனக்கலைஞரையும் ஓர் எழுத்தாளரையும் பற்றியது; அதுவரை அது ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை. மின்வயலின் வாசிக்க நான்காவது ஆள் தேவைப்பட்ட பாட்டு அது. 33 ஆண்டுகள் கழித்து அந்தப் பயணத்தில் மேடை ஏறியபோது, டொரான்டோவில் வயலினை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர், 1982-இல் அதைப் பதிந்த அதே பென் மிங்க்.